நோட்பேட் கோப்பை மின்னூலாக்கும்போது சிஎஸ்எஸ்ஸை எங்கே போடுவது?

என் தாய்மாமா சோழவந்தான்காரர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கொடிக்காலுக்கும் நடவு வயலுக்கும் போய் ஊர்க் கிழவிகளிடம் கேட்ட தாலாட்டு, ஒப்பாரி, நடவுப் பாட்டு எல்லாவற்றையும், ஒவ்வொன்றையும் யார் பாடியது, எந்தச் சாவுக்குப் பாடியது என்ற கதையோடு சேர்த்து நோட்பேடில் தட்டி வைத்திருந்தார். வேர்டு அவருக்கு ஆகாது, தானாக எதையாவது மாற்றிவிடுகிறது என்பார். போன தையில் ஒரு பென்டிரைவை என் கையில் திணித்து, "மாப்ள, இத போன்ல புஸ்தகமா படிக்கிற மாதிரி ஆக்கிக் குடு, அச்சடிக்கக் காசு இல்ல" என்றார். சரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைதானே என்று வாங்கிக்கொண்டேன்.

வெறும் உரைக்கோப்பை ஈபப் என்ற மின்னூல் வடிவமாக ஆக்குவது ஐந்து நிமிட வேலைதான். அது பார்க்க எப்படி இருக்கிறது என்பதில்தான் எனக்கு மூன்று மாதம் போனது. முதலில் செய்து அனுப்பியதைத் திறந்துவிட்டு மாமா போன் போட்டார்: "என்ன மாப்ள, ஒப்பாரியெல்லாம் வியாசம் மாதிரி ஒரே ஓட்டமா ஓடுது, எது பாட்டு, எது என் பேச்சுன்னு எனக்கே தெரியல." தலைப்புகள் எங்கிட்டோ கிடந்தன, வரிகள் ஒன்றின் மேல் ஒன்று இடித்தன, கீழ்வரியின் மேல்விலங்கு மேல்வரியின் உகரச் சுழியில் போய் முட்டியது.

ஈபப் என்பது வேறொன்றும் இல்லை, சில வலைப்பக்கங்களையும், அவை எப்படித் தோன்ற வேண்டும் என்று சொல்லும் ஒரு சிஎஸ்எஸ் கோப்பையும் ஜிப் செய்து கட்டிய மூட்டை. ஆக, தோற்றத்தை மாற்ற வேண்டுமென்றால் அந்த சிஎஸ்எஸ்ஸை மாற்ற வேண்டும். அதை எந்தக் கட்டத்தில் உள்ளே போடுவது என்பதில்தான் ஆளாளுக்கு வேறுபடுகிறார்கள். மாற்றும்போதே காலிபர் என்ற மென்பொருளில் கொடுக்கலாம், பாண்டாக் என்ற இன்னொன்றில் கொடுக்கலாம், மாற்றி முடித்த பிறகு சிகில் என்ற திருத்தியில் திறந்து கையால் தைக்கலாம், அல்லது புத்தகத்தைத் தொடாமல் படிக்கிற செயலியிலேயே போட்டுக்கொள்ளலாம். மதுரைப் புதுமண்டபத்தில் தையல்காரர்கள் இருந்த காலத்தில் அளவு கொடுத்துத் தைப்பது ஒரு ரகம், ரெடிமேடை வாங்கி நின்ற இடத்திலேயே பிடித்துக்கொள்வது ஒரு ரகம், வீட்டுக்குக் கொண்டுபோய் மடிப்பை ஊசியால் அடிப்பது இன்னொரு ரகம். கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டாலும் கணக்கு மாறவில்லை. நாலையும் செய்து பார்த்துவிட்டேன்.

காலிபரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் கணினியில் ஏற்கெனவே அதுதான் இருக்கும். கோவித் கோயல் 2006இல் தொடங்கிய இலவச மென்பொருள். புத்தகத்தைச் சேர்த்து, கன்வர்ட் அழுத்தினால் வரும் பெட்டியில் 'லுக் அண்ட் ஃபீல்' என்ற பகுதிக்குள் 'எக்ஸ்ட்ரா சிஎஸ்எஸ்' என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் ஒட்டிவிட வேண்டியதுதான். எழுத்துருவைப் புத்தகத்துக்குள் பொதிக்கவும் அங்கேயே வழி உண்டு. ஒரு புத்தகத்துக்குக் கொடுத்த அமைப்பைக் காலிபர் நினைவில் வைத்திருக்கும், அடுத்த முறை அதே புத்தகத்தை மாற்றும்போது மறுபடி ஒட்ட வேண்டியதில்லை. கட்டளைத் திரையைப் பார்த்தாலே பயப்படுகிற ஆளுக்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

இன்னொரு விஷயத்திலும் காலிபர் கெட்டிக்காரர். மாமாவின் பழைய கோப்புகளை அப்போதைய நோட்பேடில் 'யூனிகோட்' என்று தேர்ந்தெடுத்துச் சேமித்திருந்தார், அது உண்மையில் யூடிஎஃப்-16 என்ற குறியாக்கம், அதாவது எழுத்துகளைக் கணினி சேமிக்கும் முறை. பாண்டாக்குக்கு யூடிஎஃப்-8 தவிர வேறு எதுவும் ஆகாது, வாசலிலேயே நிறுத்திவிட்டது. காலிபர் எதைக் கொடுத்தாலும் முயன்று பார்க்கும், கண்டுபிடிக்க முடியாவிட்டால் நீங்களே குறியாக்கத்தைச் சொல்லலாம். (தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்ற 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பழைய நூல்களை டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் எடுத்து வைத்திருப்பவர்கள் முதலில் அவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிட்டு வாருங்கள், அல்லது தளத்தில் யூனிகோடிலேயே இருக்கும் பிரதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் செய்யாமல் எந்த சிஎஸ்எஸ் போட்டும் பயன் இல்லை.)

இனி காலிபர் படுத்தும் பாடு. நீங்கள் எழுதிய சிஎஸ்எஸ்ஸை அது அப்படியே வைக்காது, எல்லாவற்றையும் கலந்து தட்டையாக்கி, பெயர் வைக்காத பத்திகளுக்கெல்லாம் காலிபர்1, காலிபர்2 என்று தானே பெயர் சூட்டிவிடும். எழுத்தளவையும் தன் கணக்கில் திருத்தும். அத்தியாயத் தலைப்பை 1.4 மடங்கு என்று எழுதியிருந்தேன், வந்தது வேறு அளவு. ஒரு மணி நேரம் சிஎஸ்எஸ்ஸை முறைத்துப் பார்த்த பிறகுதான் எழுத்தளவை மாற்றாதே என்று சொல்ல ஒரு டிக் பெட்டி இருப்பது தெரிந்தது. அதைவிட வேடிக்கை, அத்தியாயத்தைக் கண்டுபிடிக்க அது ஆங்கிலத்தில் சாப்டர், புக், செக்ஷன், பார்ட் போன்ற சொற்களைத்தான் தேடும், நம் 'அத்தியாயம்' அதற்குத் தெரியாது. தமிழ்ப் புத்தகம் செய்கிறவர்கள் முதல் நிலைத் தலைப்பு எதுவானாலும் அது அத்தியாயம்தான் என்று அந்த விதியை மாற்றி எழுதியே ஆக வேண்டும்.

ஆனால் என்னைக் காலிபரிலிருந்து வெளியே தள்ளியது இது எதுவும் இல்லை, பாட்டுதான். சிஎஸ்எஸ் என்பது 'இந்த வகைப் பத்திக்கு இந்த உடை' என்று சொல்லும் பட்டியல். வெறும் உரைக்கோப்பில் வகையே இல்லை, எல்லாம் பத்தி. ஒவ்வொரு வரியையும் தனிப் பத்தியாக எடுத்துக்கொள் என்று காலிபரிடம் சொல்லலாம், அப்படிச் சொன்னால் வரிகள் ஒன்றோடொன்று ஒட்டாது. ஆனால் மாமாவின் உரைநடையும் பத்தி, கிழவியின் ஒப்பாரியும் பத்தி. பாட்டை மட்டும் உள்ளே தள்ளு என்று சொன்னால் எதைத் தள்ளும்? சாதாரண உரையிலேயே சில குறிகளால் தலைப்பு போன்றவற்றைக் காட்டும் மார்க்டவுன் கோப்பாகக் கொடுத்து நடுநடுவே எச்டிஎம்எல் அடைப்பு எழுதி வகை பிரிக்கலாம்தான், ஆனால் நோட்பேடில் திருத்தப்போவது மாமா, அவர் கண்ணில் அந்தக் கோணல் அடைப்புகள் பட்டால் 'இதென்னடா குப்பை' என்று அழித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

பாண்டாக் இந்த இடத்தில்தான் ஜெயித்தது. ஜான் மக்ஃபார்லேன் என்ற தத்துவப் பேராசிரியர் எழுதியது, இதுவும் 2006தான். ஜன்னலும் இல்லை, பொத்தானும் இல்லை, கருப்புத் திரையில் ஒரு வரி எழுத வேண்டும்: இந்தக் கோப்பை எடு, இந்த சிஎஸ்எஸ்ஸைப் போடு, இந்த எழுத்துருவைப் பொதி, ஈபப்பாகக் கொடு. ஒரு பகுதியை வகை பிரிக்க அதன் முன்னால் மூன்று முக்காற்புள்ளியும் ஒரு பெயரும், முடிவில் மறுபடி மூன்று முக்காற்புள்ளி, அவ்வளவுதான். மாமாவுக்கு அது கோலப்புள்ளி மாதிரி தெரிந்ததால் தொந்தரவாகப் படவில்லை. கொடுத்த சிஎஸ்எஸ்ஸைத் தட்டையாக்காமல், பெயர் மாற்றாமல், அப்படியே புத்தகத்துக்குள் வைக்கிறது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும், உங்கள் சிஎஸ்எஸ்ஸைக் கொடுத்ததும் பாண்டாக்கின் சொந்த சிஎஸ்எஸ் வெளியே போய்விடும், இரண்டும் சேராது. அதனால் முதலில் அதன் சொந்தக் கோப்பை வெளியே எடுத்து, அதன் அடியில் நம்முடையதை எழுதிக்கொள்வது நல்லது. எழுத்துருவைப் பொதிக்கும்போது சிஎஸ்எஸ்ஸில் அதன் பாதையை 'ஒரு ஃபோல்டர் மேலே போய், ஃபான்ட்ஸ் ஃபோல்டருக்குள்' என்று எழுத வேண்டும், உங்கள் கணினியில் எழுத்துரு எங்கே இருக்கிறது என்பதை அல்ல. நான் இதில் ஒரு சாயங்காலத்தைத் தொலைத்தேன்.

பாண்டாக் உரைக்கோப்பை மார்க்டவுனாகத்தான் படிக்கும், அதிலும் குழி உண்டு. மாமா தலைப்புக்கு அடியில் சமக்குறி வரிசை ஒன்று போடும் பழக்கம் உள்ளவர். அதிர்ஷ்டம், மார்க்டவுனில் அதற்கு அர்த்தமே முதல் நிலைத் தலைப்பு என்பதுதான், ஒரு எழுத்துகூட மாற்றாமல் அத்தியாயங்கள் அழகாகப் பிரிந்தன. ஆனால் ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் அடியிலேயே சிறு கோடுகளும் போட்டு வைத்திருந்தார், மார்க்டவுனில் அது இரண்டாம் நிலைத் தலைப்பு. விளைவு, பொருளடக்கத்தைத் திறந்தால் ஒவ்வொரு ஒப்பாரியின் கடைசி அடியும் கொட்டை எழுத்தில் தலைப்பாக நிற்கிறது. "இதுவும் நல்லாத்தான் இருக்கு மாப்ள" என்றார் மாமா, நான் கேட்கவில்லை. கோட்டுக்கு முன்னால் ஒரு காலி வரி விட்டால் அது வெறும் கோடாகிவிடும்.

பாட்டு வரி விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், கவிதைத் தொகுப்பு போடுகிற எல்லாருக்கும் இது வரும். முதலில் நான் செய்தது, வரி முடிவை அப்படியே வரி முடிவாக வை என்று பாண்டாக்கிடம் சொன்னது. கணினித் திரையில் அருமையாக இருந்தது. ஒப்பாரியில் ஒரு அடி பத்துப் பன்னிரண்டு சொல் நீளும், போன் திரையில் அது கொள்ளாமல் மடங்கி அடுத்த வரிக்கு வரும், வந்த பிறகு மடங்கிய வரி எது, புதிய அடி எது என்று தெரியாது. பாடிப் பார்த்தால் தாளம் தட்டும். அச்சுப் புத்தகத்தில் இதற்கு என்ன செய்வார்கள்? மடங்கிய பகுதியை உள்ளே தள்ளிப் போடுவார்கள். சிஎஸ்எஸ்ஸிலும் அதைச் செய்யலாம், இடப்பக்கம் 1.5 எம் (அதாவது எழுத்தளவில் ஒன்றரை மடங்கு) இடம் விட்டு, முதல் வரியை மட்டும் அதே 1.5 எம் வெளியே இழுத்துவிடலாம். ஆனால் அந்த 'முதல் வரி' என்பது பத்திக்கு முதல் வரி. நான்கு அடியும் ஒரே பத்திக்குள் வரிமுடிவால் பிரிந்திருந்தால் முதல் அடிக்கு மட்டும்தான் வேலை செய்யும், மற்ற மூன்றும் உள்ளேயே கிடக்கும். எனவே ஒவ்வொரு அடியும் தனிப் பத்தியாக வேண்டும், அதாவது கோப்பில் அடிகளுக்கு நடுவே காலி வரி வேண்டும், அப்புறம் சிஎஸ்எஸ்ஸில் பாட்டுக்குள் இருக்கும் பத்திகளுக்கு மேல்கீழ் இடைவெளி பூஜ்யம் என்று சொல்ல வேண்டும். கண்ணிக்குக் கண்ணி இடைவெளி தெரிய ஒவ்வொரு கண்ணியையும் தனி அடைப்புக்குள் வைத்தேன். நோட்பேடில் மாமா பத்திகளை உடைக்காமல் ஒரே நீள வரியாகத்தான் அடித்திருந்தார், அதனால் கண்ணிகளை அடைப்புக்குள் போட்டு முடித்ததும் தலைப்புக்கும் அதன் சமக்குறி வரிசைக்கும் நடுவே மட்டும் விட்டுவிட்டு, கோப்பு முழுக்க ஒரு வரிமுடிவை இரண்டாக மாற்றிவிட்டேன், உரைநடைக்கு ஒரு சேதமும் இல்லை.

சிகிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஈபப்பை நேரே பிரித்து, உள்ளே இருக்கும் பக்கங்களையும் சிஎஸ்எஸ்ஸையும் கையால் திருத்தும் மென்பொருள், இதுவும் இலவசம். காலிபருக்குள்ளேயே 'எடிட் புக்' என்று கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்யும் கருவி இருக்கிறது. எழுதிய அடுத்த நொடியே மாற்றம் கண்ணுக்குத் தெரிவதால் சிஎஸ்எஸ் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் நான் பட்டதைக் கேளுங்கள். இரண்டு இரவு உட்கார்ந்து சிகிலில் ஒவ்வொரு பாட்டாகத் தேடி வகைப் பெயர் கொடுத்து, அங்கங்கே கண்ணில் பட்ட எழுத்துப்பிழைகளையும் அங்கேயே திருத்தி முடித்தேன். மறுநாள் மாமா, "இன்னும் ரெண்டு தாலாட்டு கிடச்சுது மாப்ள, அப்படியே பழையதுலயும் கொஞ்சம் மாத்திருக்கேன்" என்று புதுக் கோப்பை அனுப்பினார். என் திருத்தங்கள் ஈபப்பில், அவர் திருத்தங்கள் உரைக்கோப்பில். புதிதாக மாற்றினால் என்னுடையது போகும், மாற்றாவிட்டால் அவருடையது வராது. இரண்டு இரவு வேலையும் வைகையில் கரைத்த புளிதான். மூலம் இனி மாறவே மாறாது என்றால் மட்டும் சிகில். தமிழில் மெய்ப்பு பார்த்தவர்களுக்குத் தெரியும், சந்திப்பிழை என்பது ஒருநாளும் தீர்கிற சமாச்சாரம் இல்லை.

நான்காவது வழி, புத்தகத்தில் எதையும் போடாமல் படிக்கிற இடத்தில் போட்டுக்கொள்வது. கோரீடர் என்ற இலவசச் செயலியில் 'ஸ்டைல் ட்வீக்ஸ்' என்று ஒரு வசதி உண்டு, நீங்கள் எழுதிய சிஎஸ்எஸ் கோப்பை அதன் ஃபோல்டரில் போட்டு, மெனுவில் எல்லாப் புத்தகத்துக்கும் என்று இயக்கிவிட்டால் அத்தனைக்கும் உங்கள் ருசிப்படி உடுத்திவிடும். ஊரிலிருந்தெல்லாம் சேர்த்த நூறு ஈபப்களை ஒரே ஆள் படிக்கிறார் என்றால் இதுதான் சரி, ஒவ்வொன்றையும் மாற்றிக்கொண்டிருப்பது வெட்டி வேலை. ஆனால் மாமாவின் புத்தகம் போகப்போவது வாடிப்பட்டிச் சித்திக்கும் துபாயில் இருக்கிற தம்பிக்கும். அவர்களிடம் போய் கோரீடர் போடு, ஃபோல்டரைத் தேடு என்றால் நடக்கிற காரியமா?

எந்த வழியில் போட்டாலும் சரி, எழுதிய சிஎஸ்எஸ்ஸே தப்பாக இருந்தால் கருவியைக் குறை சொல்ல முடியாது. தமிழுக்கென்று நான் அடிபட்டுக் கற்ற சிலதைச் சொல்லிவிடுகிறேன். வரி உயரம் 1.6, அலகு போடாமல் வெறும் எண்ணாக எழுதுங்கள், நம் எழுத்து மேலும் கீழும் கொம்பும் சுழியுமாக நீள்வது. இருபுறமும் சமமாக நிரப்பும் ஜஸ்டிஃபை வேண்டவே வேண்டாம். 'பாடிக்கொண்டிருந்தபோதெல்லாம்' மாதிரி ஒரு சொல் போன் திரையில் முக்கால் வரியை அடைத்துக்கொள்ளும், மிச்சம் இருக்கிற இடத்துக்கு இரண்டு சிறு சொற்களை ஆற்றுக்கு அக்கரை இக்கரையாக இழுத்து நிறுத்தும். சாய்வெழுத்து தமிழுக்கு ஒட்டவில்லை, பல எழுத்துருக்களில் தனிச் சாய்வு வடிவமே கிடையாது, மென்பொருள் நிமிர்ந்த எழுத்தையே பிடித்துத் தள்ளிச் சாய்க்கும். அழுத்தம் கொடுக்க வேண்டிய இடத்தைத் தடித்த எழுத்தாக்கிவிடுங்கள். நிறத்தைத் தொடாதீர்கள். எழுத்துக்குக் கருப்பு என்று நான் எழுதித் தொலைத்திருந்தேன், துபாய்த் தம்பி இரவில் பின்னணியைக் கருப்பாக்கிப் படிக்கிறவன், "அண்ணே, புத்தகம் காலியா இருக்கு" என்றான்.

அத்தியாயத் தொடக்கத்தில் முதல் எழுத்தைப் பெரிதாகப் போடும் ஆசை எல்லாருக்கும் வரும், எனக்கும் வந்தது. ஒரு அத்தியாயம் 'கொடிக்காலில்' என்று தொடங்கியது. ஒரு செயலியில் 'கொ' முழுதாகப் பெரிதாக வந்தது. இன்னொன்றில் 'க' மட்டும் தனியாகப் பெரிதாகி நின்றது, அதன் கொம்பும் காலும் அடுத்த எழுத்தாகப் பிரிந்துபோய், நடுவில் ஒரு புள்ளிவட்டத்தைச் சுமந்துகொண்டு கிடந்தன. யூனிகோடில் 'கொ' என்பது ககரமும் ஒகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள், அதை ஒரே எழுத்தாகப் பார்க்கத் தெரிந்த செயலியும் உண்டு, தெரியாததும் உண்டு. அந்த ஆசையை விட்டுவிட்டேன்.

எழுத்துருவுக்கு நோட்டோ செரிஃப் தமிழ் எடுத்தேன், உரிமம் திறந்தது, பொதிப்பதில் சிக்கல் இல்லை. விண்டோஸோடு வரும் லதாவை எடுத்து உள்ளே வைக்காதீர்கள், அது மைக்ரோசாஃப்டுடையது. கிண்டிலில் படிப்பவர்கள் எழுத்துருப் பட்டியலில் 'பப்ளிஷர் ஃபான்ட்' என்பதைத் தேர்ந்தால்தான் நாம் பொதித்தது தெரியும், இதை மட்டும் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒரு வரியாக எழுதி வைத்தேன்.

ஆக, ஒரே ஒரு தடவை, உரைநடை மட்டும் இருக்கிற நாவலோ கட்டுரைத் தொகுப்போ என்றால் காலிபர் போதும், பாண்டாக் கற்றுக்கொள்கிற நேரத்தில் ரெண்டு புத்தகம் முடித்துவிடலாம். பாட்டு, உரையாடல், அடிக்குறிப்பு என்று வகைவகையாக இருந்தாலோ, மூலம் திரும்பத் திரும்பத் திருத்தப்படும் என்றாலோ பாண்டாக்தான், முதல் வாரம் கடுப்பாக இருந்தாலும். கருப்புத் திரை பயத்துக்கு ஒரு வழி செய்தேன். அந்த ஒரு வரிக் கட்டளையை ஒரு பேட்ச் கோப்பில் எழுதி, உரைக்கோப்பு, சிஎஸ்எஸ், எழுத்துரு, தலைப்பும் மொழி 'தமிழ்' என்பதும் எழுதிய சிறு விவரக்கோப்பு எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு மாமாவின் கணினியில் வைத்துவிட்டேன். அவர் நோட்பேடில் திருத்துவார், யூடிஎஃப்-8இல் சேமிப்பார், பேட்ச் கோப்பை இரண்டு முறை தட்டுவார், புது ஈபப் பக்கத்திலேயே வந்து உட்காரும்.

போன வாரம் சோழவந்தான் போயிருந்தேன். அந்த ஃபோல்டரில் இருந்த சிஎஸ்எஸ்ஸையும் நோட்பேடில் திறந்து பார்த்திருக்கிறார். 1.6 என்று இருந்ததை 2 ஆக்கி வைத்திருந்தார். படிக்கிற செயலியிலேயே வரியைத் தளர்த்திக்கொள்ளலாமே மாமா என்றேன். "அது எனக்குத் தெரியும். ஒப்பாரின்னா வரிக்கு வரி மூச்சு விட எடம் வேணும்டா" என்றார். 2ஆகவே இருக்கிறது.